எட்டாவது பெயர்

2020 மார்ச் மாதத்தில், இலங்கைப் பொதுத் தேர்தலுக்கான வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், மட்டக்களப்பின் கல்லடியிலுள்ள மாமா வீட்டு விறாந்தையில் நாங்கள் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தோம். மேசையில் படிவம் விரிந்து கிடந்தது. முதல் வரியில் மாமாவின் பெயர்; அதற்குக் கீழே ஆறு பெயர்கள் எப்படியோ நிரம்பிவிட்டன. எட்டாவது பெயருக்காக, முச்சக்கரவண்டி ஓட்டும் அயல்வீட்டுத் தம்பியை மாமி தொலைபேசியில் எழுப்பிக் கேட்டபோது, "என்ட பேர் வந்தா எனக்கு வாற ஓட்டமும் நிண்டுடும் மாமி" என்று அவன் கெஞ்சினான். மாமா பேனையை மூடி வைத்தார்.

மாமா உள்ளூராட்சி சபையில் இரண்டு தவணை இருந்தவர். எங்கள் ஒழுங்கையின் வடிகானுக்காக அவர் ஏறி இறங்கிய படிகளை நான் நேரில் கண்டிருக்கிறேன். கட்சியோடு மனம் கசந்து விலகிய பிறகு, தனியாக நின்று மக்களிடம் கேட்பது என்று முடிவெடுத்தார். ஆனால் நமது தேர்தல் முறையில் "தனியாக" என்ற சொல்லுக்கே இடமில்லை. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 ஆசனங்கள். அதோடு 3 கூட்டி 8 பேர் கொண்ட சுயேச்சைக் குழுவாகத்தான் மனுத் தாக்கல் செய்யலாம். தலைக்கு 2,000 ரூபாய் கட்டுப்பணம். அதன் பின்னரும் மாவட்டம் முழுவதிலும் 5 சதவீத வாக்கைத் தாண்டாத குழுவுக்கு ஆசனக் கணக்கில் பங்கே கிடையாது. கல்லடியில் மட்டும் பெயர் எடுத்த ஒருவர் வாகரையிலும் வெல்லாவெளியிலும் வாக்குத் தேட வேண்டியிருக்கிறது.

அந்த நாட்களில்தான் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த லிஸ் கன்னிங்ஹாம் பற்றி வாசித்தேன். கிளாட்ஸ்டன் நகரை ஒட்டிய கலையோப்பி என்ற உள்ளூராட்சிப் பிரதேசத்தின் மேயராக இருந்தவர் அவர். நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகமும் அலுமினிய ஆலைகளும் உள்ள, தொழிற்கட்சி வலுவாக இருந்த அந்தத் தொகுதியில், 1995 ஜூலைத் தேர்தலில் எந்தக் கட்சியையும் சாராமல் தன் ஒரே பெயரோடு நின்று வென்றார். 89 ஆசனங்கள் கொண்ட சபையில் தொழிற்கட்சிக்கு 45 கிடைத்திருந்தன. அவற்றுள் மண்டிங்பரா என்ற தொகுதியில் வெறும் 16 வாக்குகளால் பெற்ற வெற்றியை நீதிமன்றம் செல்லாததாக்க, 1996 பெப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் அது எதிரணியிடம் போனது. இரு பக்கமும் 44. நடுவில் கன்னிங்ஹாம் ஒருவர். அவர் எதிரணிக் கூட்டணிக்கு ஆதரவளித்தார், தொழிற்கட்சி முதல்வர் வேய்ன் கொஸ் பதவி விலகினார், எதிரணித் தலைவர் ரொப் போர்பிட்ஜ் முதல்வரானார். கன்னிங்ஹாம் எடுத்த பக்கம் சரியா பிழையா என்பது எனக்கு முக்கியமல்ல. ஒரு பிரதேசத்தின் வீதியையும் குப்பையையும் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஓர் அரசாங்கத்தையே தீர்மானிக்கும் இடத்துக்கு வந்ததும், அதே தொகுதி மக்கள் அவரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள், 2015 வரை, திரும்பத் திரும்ப அனுப்பியதும்தான் என்னை உறங்கவிடவில்லை.

நம்மிடம் அப்படி ஓர் இடைத்தேர்தல்கூட நடக்காது. 1978 அரசியலமைப்பின் விகிதாசார முறையில், ஓர் ஆசனம் வெறுமையானால் அதே பட்டியலில் விருப்பு வாக்கில், அதாவது வேட்பாளர்களுக்கு மக்கள் தனித்தனியாக இடும் வாக்கில், அடுத்து நிற்பவர் வந்துவிடுவார். மக்களிடம் மீண்டும் கேட்பதில்லை.

சுயேச்சைகள் இங்கே வென்றதே இல்லை என்று சொல்லவில்லை. 1989 இல் ஈரோஸ் என்ற தமிழர் போராட்ட இயக்கம் வடக்கு கிழக்கில் சுயேச்சைக் குழுக்களாகப் போட்டியிட்டு மொத்தம் 13 ஆசனங்களைப் பெற்றது. ஆனால் அது கட்டமைப்பு உள்ள ஓர் இயக்கம். 2024 இல் யாழ்ப்பாணத்தில் 17 ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவிலிருந்து வைத்தியர் அர்ச்சுனா தெரிவானபோதுதான், ஒரு தனிமனிதரின் பெயரும் அந்த 5 சதவீத மதிலைத் தாண்டலாம் என்று கண்டோம்.

உள்ளூராட்சியில் 2018 முதல் வட்டார முறை திரும்பியிருக்கிறது. வட்டாரத்துக்கு ஒரு முகம் என்று மகிழ்ந்தோம். அங்கும் சுயேச்சையாக நிற்பவர் ஒரு குழுவோடு, சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் ஆள் நிறுத்தித்தான் வர வேண்டும். தன் வட்டாரத்தில் மட்டும் தன் பெயரில் ஒருவர் மனுக் கொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தைத் திருத்தும்படி, தேர்தல் முறை பற்றிக் கருத்துக் கேட்கும் ஒவ்வொரு குழுவுக்கும் எழுத வேண்டும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். முதல் கடிதத்தை இந்த வாரம் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம்.