அமிலப் புகைக்கு எந்தப் பை?

நிலக்கரி பாய்லர் புகையிலுள்ள தூசியை வடிகட்டும் துணிப்பையை, அதாவது ஃபில்டர் பையை, வாங்கும்போது பலரும் வெப்பநிலையை மட்டும்தான் பார்க்கிறார்கள். பாலியெஸ்டர் 130 டிகிரி தாங்கும், உண்மைதான். ஆனால் சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் இழை செத்துவிடும். நோமெக்ஸ் என்ற வெப்பம் தாங்கும் இழை 200 டிகிரி வரை போகும். அமில ஈரத்தில் அதற்கும் அதே கதிதான். கந்தகப் புகைக்கு என் தேர்வு பிபிஎஸ் (பாலிஃபினைலின் சல்ஃபைடு) இழை. தொடர்ந்து 190 டிகிரி தாங்கும், அமிலத்துக்கும் காரத்துக்கும் அசையாது. அதன் எதிரி ஆக்சிஜன். புகை வரும் குழாயில் (டக்ட்) வெளிக்காற்று கசிந்து ஆக்சிஜன் 15 சதவீதத்தை நெருங்கினால் பை பழுப்பேறி, விரலால் இழுத்தாலே காகிதம்போல் கிழியும். அங்கே டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்இதான், 260 டிகிரி வரை கவலையில்லை, விலைதான் கையைக் கடிக்கும்.

கிழிசல், பையை உள்ளிருந்து தாங்கும் கூண்டுக் கம்பியின் தடத்திலேயே துருக்கறையோடு வந்தால் துணியைத் திட்டாதீர்கள். பாய்லரை நிறுத்தும்போது புகை குளிர்ந்து அமிலம் பையில் படிந்திருக்கும். எபாக்ஸி பூசிய கூண்டு போடுங்கள், நிறுத்தியதும் சுத்தமான சூடான காற்றை ஓட்டிப் புகையை வெளியேற்றுங்கள்.