பிடித்தால் விடாத பிரேக்

காரைக்குடியில் ஒரு சைக்கிளைத் தெருவில் கவிழ்த்துப் போட்டால் போதும், வைத்தியர்கள் கூடிவிடுவார்கள். "பின் பிரேக் பிடிச்சா விட மாட்டேங்குது" என்று பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சொல்லி வாய் மூடவில்லை, "கட்டையை மாத்துடா" என்றது ஒரு குரல். "ஸ்பிரிங் போச்சு" என்றார் இன்னொருவர், கையில் கொறடாவோடு. முகப்பில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, "செத்த தேங்காண்ணெய் விடுங்கப்பா, வழுக்கிக்கிட்டுப் போகும்" என்றார்.

போகும்தான். ரிம்மில் ஒரு சொட்டு பட்டாலும் சைக்கிள் நிற்காமல் ஊருக்குள் கல்லுக்கட்டி வரை போகும். ஒயருக்குள் விட்டாலோ 24 டிகிரிக்குக் கீழே உறைந்து, மார்கழி விடியலில் பிரேக்கை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். செம்மண் புழுதி சேர்ந்தால் நல்ல பசை.

இதில் சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்றே பேர்: லிவர், ஒயர், ரிம்மைக் கவ்வும் இரண்டு கைகள். கை மேல் ஒயரை இறுக்கியிருக்கும் நட்டைத் தளர்த்தி (பெரும்பாலும் 10 எண் ஸ்பேனர்) ஒயரை உருவிவிட்டால் பஞ்சாயத்து முடிந்தது. கைகளை விரலால் அமுக்கி விடும்போது பட்டென்று விரிகிறதா? ஸ்பிரிங் மேல் குற்றமில்லை, கொறடாவைக் கீழே வைக்கலாம். லிவரும் சிக்காமல் ஆடினால் ஒயர்தான் கள்ளன்.

பின் பிரேக்கில் பெரும்பாலும் அதுதான். நீளம் அதிகம், வளைவும் அதிகம். ஐப்பசி மழைத் தண்ணீர் அவுட்டரின் (ஒயரைப் போர்த்தியிருக்கும் உறை) தாழ்ந்த வளைவில் தங்கித் துருவேற்றிவிடும். துருவேறும் அரிமானத்தையும் சேர்த்து ஆராயும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கும் ஊர் இது. ஆனால் துரு அதையெல்லாம் பார்த்து வருவதில்லை.

உள் ஒயரில் ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் தூக்கி எறியுங்கள். அந்த இழைதான் அவுட்டருக்குள் முள்ளாகக் குத்தி நிற்கிறது. பிரேக்குக்கு 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர் ஒயர். "இதுவும் ஒயர்தானே" என்று நீட்டப்படும் 1.2 கியர் ஒயர் வேண்டாம். அவுட்டரையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. வெட்டிய முனை நசுங்கியிருக்கும். அதை அரத்தால் தட்டையாக்கி, ஊசி விட்டுத் துளையை விரித்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் புது ஒயரும் பழைய கதையையே பாடும். நாலு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் போதும்.

கைகள்தான் மந்தம் என்றால், அவற்றை இணைக்கும் நடு போல்ட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நட்டு இருக்கும். "டைட்டா இருக்கட்டும்" என்று யாரோ புண்ணியவான் முறுக்கி வைத்திருப்பார். இரண்டையும் கழற்றி, மண்ணெண்ணெயில் துடைத்து, போல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடவும். உள் நட்டை ஆட்டம் நிற்கும் வரை திருகி, கால் சுற்று பின்னால் எடுக்கவும். அதை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்தபடி வெளி நட்டை இறுக்கவும். பிடிக்காமல் இறுக்கினால் இரண்டும் சேர்ந்து சுற்றி, மறுபடி அதே இறுக்கம்.

கட்டைக்கும் ரிம்முக்கும் இரு பக்கமும் 2 மில்லிமீட்டர் விட்டு ஒயரை முடுக்குங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்தால், சர்ரென்று தொடர்ந்து உரசாமல் சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் 'சிக்' என்றால், அது பிரேக் வேலையே இல்லை. சக்கரம் கோட்டம். போக்ஸ் கம்பியை முறுக்கத் தெரிந்தவரிடம் தள்ளிக்கொண்டு போங்கள். கூடியிருந்த வைத்தியர்களில் அவர் இருக்க மாட்டார்.