ஸ்பிட்ஃபயர் பொங்குனதும் நின்னதும்: ஒரு கோடை முழுக்க செஞ்சு பாத்தது

2022 ஜூன் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, இங்கிலாந்துல கோவென்ட்ரில இருந்து வார்விக் பக்கம் ஏ46 ரோட்டுல என் பழைய ஸ்பிட்ஃபயர் கார்ல போயிட்டு இருக்கோம், நானும் பொண்ணும், மேல்துணிய மடிச்சு பின்னாடி வச்சாச்சு, நல்ல வெயில், முன்னாடி என்னவோ ஆகி டிராஃபிக் அப்படியே நின்னு போச்சு. பத்து நிமிஷம் கூட ஆகல, டெம்பரேச்சர் முள்ளு பாதியத் தாண்டி முக்காலுக்குப் போகுது. ஹீட்டர ஃபுல்லா திறந்து விட்டேன், அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர் தானே, இன்ஜின் சூட்ட கொஞ்சம் வெளிய இழுக்கும். முள்ளு கொஞ்ச நேரம் நின்னுச்சு, அப்புறம் திரும்ப ஏறுச்சு. பானட் ஓரத்துல ஆவி வந்ததும் ஓரங்கட்டி இன்ஜின நிறுத்திட்டேன். ஓவர்ஃப்ளோ பாட்டில் நெறஞ்சு தண்ணி கொதிச்சு ரோட்டுல வழியுது. பொண்ணு பயந்து போயிட்டா. ஒரு மணி நேரம் புல்லுல உக்காந்திருந்தோம், ரேடியேட்டர் மூடிய தொடவே இல்ல.

வண்டி 1973 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4, 1296 சிசி, ரெண்டு எஸ்யு கம்பெனி கார்புரேட்டர். நான் இருக்கற இதே கோவென்ட்ரில கேன்லி ஃபேக்டரில செஞ்சது, கடைசி ஸ்பிட்ஃபயர் 1980 ஆகஸ்ட்ல அங்க இருந்துதான் வெளிய வந்துச்சு. வாங்கி அப்ப ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு, முந்தின வருஷமே லேசா சூடு காட்டுச்சு, அதனால ஏப்ரல்ல ஒரு எலக்ட்ரிக் ஃபேன் வாங்கி ரேடியேட்டருக்கு முன்னாடி மாட்டியிருந்தேன். அது இருந்தும் பொங்கிடுச்சு.

மறுநாள் திருச்சில இருக்கற மாமாவுக்கு ஃபோன் போட்டேன். அவர் பல வருஷம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வச்சிருந்தவர். மெட்ராஸ்ல 1961ல இருந்து செஞ்ச அந்த ஹெரால்டும் இங்க 1962ல வந்த ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம், ஹெரால்டு சேசிஸ வெட்டிக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர செஞ்சாங்க, ரெண்டுக்கும் உருவம் வரைஞ்சவரும் ஒருத்தரே, இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இன்ஜினும் அதே வம்சம், ஹெரால்டுக்கு 948 சிசி, என்னோடது அதையே பெருசாக்குனது. முழு பானட்டும் முன்பக்கமா கவுந்து திறக்கறது கூட ரெண்டுலயும் ஒண்ணுதான்.

மாமா கதைய முழுசா கேட்டுட்டு சொன்னார், "ஏன்டா மாப்ள, அந்த வண்டி புதுசுல பொங்குச்சா?"

"பொங்கியிருக்காது மாமா."

"அப்ப இந்த அம்பது வருஷத்துல அதுல என்ன மாறுச்சுன்னு தேடு. என் ஹெரால்டு சித்திரை வெயில்ல மணப்பாறை ரோட்டுல போயிட்டு வந்துச்சு. பொங்குச்சுன்னா வாட்டர் பாடியோ (வாட்டர் பம்ப்தான்) பெல்ட்டோ ஏதோ ஒண்ணு போயிருக்கும், வண்டியோட பொறப்புல கோளாறு கிடையாது. நீ புதுசா எதையும் வாங்காத, முதல்ல இருக்கறதப் பாரு."

அந்தப் பேச்சுதான் எனக்கு வழி காட்டுச்சு. அதுக்கு முன்னாடி நான் பெரிய அலுமினியம் ரேடியேட்டர் ஒண்ண ஆர்டர் பண்றதுக்குப் போயிட்டு இருந்தேன்.

முதல்ல அளக்கணும். மீட்டர்ல நம்பரே கிடையாது, சி (கோல்டு), எச் (ஹாட்) ரெண்டு எழுத்துதான், அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. கையில பிடிச்சு சுடற லேசர் தெர்மாமீட்டர் இருந்துச்சு, அது பளபளப்பான அலுமினியத்துல காட்டுனா கம்மியா காட்டுது, அந்த எடத்துல கருப்பு டேப் ஒட்டிட்டுத்தான் பாக்கணும். ஓட்டும்போது அதுவும் முடியாதுல்ல, அதனால மல்டிமீட்டரோட வர தெர்மோகப்புள்ங்கற சூடு அளக்கற ஒயர, தெர்மோஸ்டாட் (சூடானா திறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு விடற வால்வு) இருக்கற ஹவுசிங் மேல வச்சுக் கட்டி, ஒயர டாஷ்போர்டு வரைக்கும் இழுத்துட்டு வந்தேன். வெளிய 24 டிகிரி இருந்த அன்னிக்கு 60 மைல் வேகத்துல 94, நிறுத்தி ஐடில்ல விட்டா இருபது நிமிஷத்துல 101, இன்னும் ஏறிட்டே இருக்கு, ஆஃப் பண்ணிட்டேன். இதுதான் ஆரம்பக் கணக்கு.

இதுல ஒரு விஷயம் மாட்டுச்சு. ஹவுசிங்ல 85 இருக்கும்போதே மீட்டர் முள்ளு பாதிக்கு மேல நிக்குது. பெட்ரோல் முள்ளப் பாத்தேன், அதுவும் டேங்குல இருக்கறத விட ஜாஸ்தியா காட்டுது. ரெண்டு மீட்டரும் சேந்து ஜாஸ்தி காட்டுனா ஸ்டெபிலைசரத்தான் சந்தேகப்படணும், பேட்டரியோட 12 வோல்ட்ட சராசரியா 10 வோல்ட்டாக்கி இந்த ரெண்டு மீட்டருக்கும் குடுக்கற குட்டி டப்பா அது, எர்த் சரியில்லன்னா முழு 12 வோல்ட்டும் அப்படியே போயிடும். எர்த் ஸ்குரூவ சுரண்டி டைட் பண்ணேன், ரெண்டு முள்ளும் எறங்குச்சு. இதோட பிரச்சனை முடிஞ்சிரும்னு இருந்தா நல்லா இருந்திருக்கும், ஆனா ஆவி வந்தது நெஜம்.

அடுத்து ரேடியேட்டர் மூடி, உள்ள அழுத்தத்தப் பிடிச்சு வைக்கறது அதுதான். என் வண்டிக்கு 13 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கற மூடி வேணும், அதுல இருந்தது 7ன்னு அச்சடிச்ச மூடி. வெறும் தண்ணியே 7ல சுமார் 111 டிகிரிக்குக் கொதிக்கும், 13ல 119 கிட்ட, கூலன்ட் கலந்தா இன்னும் கொஞ்சம் மேல போகும். மூடி மாத்துனா சூடு குறையாது, கொதிக்கற எல்லைதான் தள்ளிப் போகும், ஆனா டிராஃபிக்ல அந்த எட்டு டிகிரிதான் வீடு போய் சேரறதா இல்லையாங்கறதத் தீர்மானிக்குது.

தெர்மோஸ்டாட்டக் கழட்டி அடுப்புல பாத்திரத்துல தண்ணி வச்சு சமையல் தெர்மாமீட்டரோட போட்டுப் பாத்தேன். 82ன்னு போட்டிருக்கு, 90க்கு மேலதான் திறக்க ஆரம்பிக்குது. புதுசா வாங்குனதும் அதே பாத்திரத்துல 88, கடைக்காரர் மாத்திக் குடுக்க மாட்டேன்னுட்டார், மூணாவது வேற எடத்துல வாங்குனது சரியா 82. புதுசுன்னு நம்பி நேரா மாட்டாதீங்க, அடுப்புல பத்து நிமிஷ வேலை. தெர்மோஸ்டாட்டே இல்லாம ஓட்டலாம்னு சில பேர் சொல்லுவாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல, ஆயில் சூடாகவே நேரம் ஆகும், இன்ஜின் தேயும்.

ஜூலை மொத வாரம் பூரா இன்ஜின் பிளாக்க (சிலிண்டர் எல்லாம் இருக்கற அடிப்பகுதி) கழுவுறதுதான். இதத்தான் நான் விரிவா சொல்லணும்னு நெனச்சேன். ரேடியேட்டர்ல அடி ஹோஸக் கழட்டி தண்ணிய விட்டா பிளாக் சுத்தமாச்சுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க, நானும் ரெண்டு வருஷமா அப்படித்தான் கூலன்ட் மாத்திட்டு இருந்தேன். ஆனா வார்ப்பிரும்பு பிளாக்குக்குள்ள துரு உதிர்ந்து உதிர்ந்து கீழ படியும், படியறது பெரும்பாலும் பின்னாடி 4வது சிலிண்டர சுத்தி, அங்கதான் தண்ணி மெதுவா ஓடுது. பிளாக்குலயே ஒரு டிரெயின் பிளக் இருக்கு, அதக் கழட்டுனேன், ஒரு சொட்டு தண்ணி வரல. உள்ள நாலரை லிட்டர் சிஸ்டம், ஓட்டை திறந்திருக்கு, ஒரு சொட்டு வரல. கெட்டியான ஒயர் ஒண்ண விட்டுக் குத்துனேன், செங்கல் பொடி மாதிரி சேறு, குத்தக் குத்த விழுது, திடீர்னு கருஞ்சிவப்பா பீச்சி அடிச்சுச்சு. சைடுல பிளாக் ஓட்டைய அடைச்சிருக்கற தகட்டு மூடிகள்ல, கோர் பிளக்னு சொல்லுவாங்க, பின்னாடி உள்ளத எடுத்துட்டு (எடுத்தா திரும்பப் போட முடியாது, புதுசு வாங்கி வச்சுட்டு எடுங்க) அந்த வழியா ஒரு நீளமான ஸ்குரூடிரைவர், அப்புறம் தோட்டத்து ஹோஸ், திரும்ப ஒயர், திரும்ப ஹோஸ், இப்படியே மூணு சாயங்காலம் ஓடுச்சு. வந்த சேத்த ஒரு ஜாம் பாட்டில்ல போட்டு காய வச்சேன், முக்கா பாட்டில். இவ்வளவு நாளா நாலாவது சிலிண்டர் பாதி ஒசரத்துக்கு சேத்துல நின்னுட்டு இருந்திருக்கு. ஆசிட் எதுவும் ஊத்தல, வாட்டர் பாடி ஹவுசிங் அலுமினியம், அரிச்சிரும்.

திரும்ப தண்ணி நெரப்பும்போது முன் சக்கரத்த ராம்ப் மேல ஏத்தி, ஹீட்டர் வால்வ திறந்து வச்சு, மேல் ஹோஸ அமுக்கி அமுக்கி காத்த வெளியேத்துனேன், தெர்மோஸ்டாட் தட்டுல 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணும் போட்டாச்சு, அது மேல்பக்கம் பாத்து இருக்கணும், அப்பத்தான் காத்து மாட்டாது. அதே வெயில்ல அதே ரோடு: 60 மைல்ல 91, ஐடில்ல 96ல நின்னுச்சு, மேல ஏறல. ஐடில்ல நின்னதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஜூலை 19 வண்டிய வெளிய எடுக்கல. அன்னிக்குத்தான் லிங்கன்ஷயர்ல இருக்கற கோனிங்ஸ்பில 40.3 டிகிரி பதிவாச்சு, இந்த நாட்டுலயே அதுவரைக்கும் இல்லாத சூடு. மாமா சொன்ன சித்திரை வெயில் ஞாபகம் வந்துச்சு, அதே குடும்பத்து இன்ஜின் அங்க அந்த சூட்டுலதான் தினமும் ஓடியிருக்கு.

கராஜுக்குள்ளயே ஸ்பார்க் விழற டைமிங்கப் பாத்தேன். ஸ்ட்ரோப் லைட் வச்சா ஐடில்ல கணக்கு சரியா இருக்கு, ஆக்சிலரேட்டர் குடுத்தா முன்னாடி நகர வேண்டிய அளவுக்கு நகரல. ஸ்பார்க்க பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள, வேகம் ஏற ஏற ஸ்பார்க்க முன்னாடி தள்ளற ரெண்டு எடைத் துண்டும் பழைய கிரீஸ்ல ஒட்டிப் போயிருக்கு, வேகம் ஏறினாலும் விரியல. ஸ்பார்க் லேட்டா விழுந்தா பெட்ரோல் எரிஞ்சு முடியறதுக்குள்ள எக்ஸாஸ்ட் வால்வு திறந்துரும், அந்த நெருப்பு தள்ளற வேலையச் செய்யாம ஹெட்டயும் எக்ஸாஸ்ட் போர்ட்டயும் சுட்டுட்டுப் போகும், அந்த சூட்டையும் இந்த சின்ன ரேடியேட்டர்தான் சுமக்கணும். கழுவி ஆயில் விட்டு மாட்டுனதும் வண்டியோட இழுவையே மாறிடுச்சு. ஸ்பார்க் பிளக் வெளுத்துப் போயிருந்ததால மிக்ஸ்சர்ல பெட்ரோலையும் கொஞ்சம் கூட்டுனேன். 60 மைல்ல 89.

ஆனாலும் ஒண்ணு உறுத்துது. ஓடும்போது காத்து அடிக்குது, 82 தெர்மோஸ்டாட், அப்புறம் ஏன் 89? ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற ஹெட் கேஸ்கட் போயிருச்சோன்னு ஒரு பயம், அந்த நீல மருந்து டெஸ்ட்டையும் பண்ணேன், ரேடியேட்டர் வாயில இருந்து வர காத்து மருந்து வழியாப் போகணும், எரிஞ்ச புகை கலந்திருந்தா மஞ்சளாயிரும். நீலமாவே இருந்துச்சு, அப்பாடான்னு இருந்துச்சு.

ஆகஸ்ட்ல கேடன்ல இருக்கற கார் மியூசியத்துக்கு பொண்ணோட போயிருந்தேன், வெளிய கார் பார்க்குல ஒருத்தர் ஸ்பிட்ஃபயர் பானட்ட கவுத்து வச்சிருந்தார். என்னோடத மாதிரியே இருக்கு, ஆனா ரேடியேட்டருக்கு ரெண்டு பக்கமும் முன்னாடி வரைக்கும் கருப்பா அட்டை. என் வண்டில அது கிடையாது. கேட்டேன், ஃபேக்டரில இருந்தே வரும், நனைஞ்சு நைஞ்சு பிஞ்சு போயிரும், யாரும் திரும்ப மாட்ட மாட்டாங்கன்னார். எனக்கு அங்கயே மாமா கேட்டது காதுல விழுந்துச்சு. அம்பது வருஷத்துல மாறுனது இதுதான். கிரில்லுக்குள்ள வர காத்துக்கு ரேடியேட்டரோட நெருக்கமான கோர் வழியா போறத விட சைடுல சுத்திப் போறது சுலபம், அட்டை இல்லன்னா பாதிக் காத்து சுத்தித்தான் போகும், 60ல ஓட்டுனாலும் 100ல ஓட்டுனாலும்.

வீட்டுக்கு வந்து டிவி வந்த அட்டைப்பெட்டிய வெட்டி அளவு எடுத்து, அதே அளவுல ரெண்டு மில்லிமீட்டர் கருப்பு பிளாஸ்டிக் ஷீட்ல வெட்டி, ஓரத்துல ஸ்பான்ஞ் பட்டை ஒட்டி மாட்டுனேன். பொண்ணுதான் பேனாவால கோடு போட்டா. செலவு 14 பவுண்டு. ரேடியேட்டர் முன்னாடி இருந்த அந்த எலக்ட்ரிக் ஃபேனையும் கழட்டிட்டேன், அதோட சட்டமும் மோட்டாரும் ஓடும்போது காத்த மறைக்குது, கிராங்க்ல இருக்கற பழைய ஃபேனே போதும். வெளிய 25 டிகிரி, அதே ரோடு, 60 மைல்ல 83. ஒயர் கழண்டிருச்சோன்னு நிறுத்தி இறங்கி தொட்டுப் பாத்தேன், கழலல.

ஆகஸ்ட் கடைசில திரும்ப அதே ஏ46, அதே மாதிரி நெரிசல், 25 நிமிஷம் நகர்ந்து நகர்ந்து போனோம். 90 வரைக்கும் போயி நின்னுச்சு. அடுத்த வாரம் எட்ஜ்ஹில் பக்கம் சன்ரைசிங் ஹில் ஏத்தம், செகண்ட் கியர்ல ஏறுனேன், மேல போகும்போது 88, ரெண்டு மைல்ல திரும்ப 83. பொண்ணு பக்கத்துல உக்காந்து நம்பர சத்தமா படிச்சுட்டே வந்தா.

மாமாவுக்கு அந்த பிளாஸ்டிக் ஷீட் ஃபோட்டோவும் சேறு பாட்டில் ஃபோட்டோவும் அனுப்புனேன். சேறு பாட்டிலத்தான் ரொம்ப நேரம் பாத்திருக்கார் போல, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு: "நல்லா பண்ணிருக்க மாப்ள. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிட்டு பிளாக்க இன்னொரு தரம் திறந்து பாரு, மிச்சம் இருக்கறது எளகி வரும். ஹோஸ் கிளிப் எல்லாத்தையும் ஒரு தரம் டைட் பண்ணு, ரப்பர் சூட்டுல அமுங்கும்."

டைட் பண்ணிட்டேன், மேல் ஹோஸ் கிளிப் அரைச் சுத்து போச்சு. அக்டோபர்ல வண்டிய நிறுத்தறதுக்கு முன்னாடி பிளாக் பிளக்க திரும்ப திறக்கணும், கழுவுன பாட்டில் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்.