பின்தொடைத் தசைக் காயம்: வலி போனதும் ஓடச் சொன்னார்கள்

பின்தொடைத் தசை கிழிந்தால் முதல் வேலை, யாரையும் உருவிவிட விடாமல் இருப்பது. மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் வேக ஓட்டப் பயிற்சியின்போது எனக்கு வலது தொடையின் பின்பக்கம் படக்கென்று பிடித்தது. அடுத்த அடி வைக்க முடியவில்லை. ஓரமாக உட்கார வைத்த சற்று நேரத்திலேயே, நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர், "சுளுக்குதான் தம்பி, ரெண்டு இழு இழுத்தா சரியாப் போயிடும்" என்று காலைப் பிடித்துவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் அப்போதுதான் கிழிந்த தசைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். உருவினாலும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலும் கசிவு கூடும். முதல் இரண்டு மூன்று நாளைக்கு இரண்டும் வேண்டாம். பெரியவரிடம் கும்பிட்டுக் கேட்டுத் தப்பித்தேன். வீட்டில் அம்மா வெந்நீர் போட்டு வைத்திருந்தார். அவரையும் சமாளித்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், கிரேப் பேண்டேஜ், தலையணைமேல் கால் என்று அன்றைய பொழுது போனது.

அப்புறம் மருத்துவமனை. டோக்கன் வாங்கி, காத்திருந்து, உள்ளே போனால் முதலில் எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைக் கிழிசல் தெரியாது. "எலும்பு நல்லா இருக்கு, ஒண்ணுமில்லை" என்று படத்தைப் பார்த்தபடியே சொன்ன மருத்துவர், என் தொடையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வலி மாத்திரை, ஒரு களிம்பு, முழு ஓய்வு. "எப்போ ஓடலாம் டாக்டர்?" என்றதற்கு, "வலி போனதும் ஓடுங்க." அவ்வளவுதான். அந்த ஒரு வரி இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இரண்டாம் நாள் தொடையில் கருநீலம் கட்டி, பிறகு முழங்கால் மடிப்புவரை இறங்கியது. வீடே பயந்துபோனது. கசிந்த ரத்தம் கீழ்நோக்கி இறங்குவது இந்தக் காயத்தில் சாதாரணம் என்று அன்றே யாராவது சொல்லியிருக்கலாம். கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சொன்னபடி ஓய்வெடுத்தேன். வலி முழுக்கப் போனது. மைதானத்துக்குப் போய் மெதுவாக ஓடினேன், ஒன்றுமில்லை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டியதும் அதே இடத்தில் மறுபடி பிடித்தது.

இந்த முறை வேறு இடத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட். குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை லேசாக மடக்கச் சொல்லி, குதிகாலைக் கையால் அழுத்தி, "விடாதீங்க, எதிர்த்துப் பிடிங்க" என்றார். இடது கால் அசையவில்லை. வலது கால் பொசுக்கென்று இறங்கிவிட்டது. வலி துளியும் இல்லை! "வலி போறது வேற சார், பலம் வர்றது வேற" என்றார். அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் மருத்துவமனையில் செய்திருந்தால் இரண்டாவது காயமே வந்திருக்காது.

ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-ல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். முழு ஓய்வும் ஐஸும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே மாற்றிச் சொன்னார். நம் ஊரில் பாதிப் பேர் இன்னும் முதல் வரியிலேயே நிற்கிறார்கள். கிழிந்த தசை ஆறும்போது, தாங்குகிற அளவு சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால்தான் புதிய நார்கள் பலமாக அமையும்.

எனக்குக் கொடுத்த வரிசை: மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, பிறகு அதையே ஒற்றைக் காலில். அடுத்து ஒற்றைக் காலில் நின்று முன்னால் குனிவது. தசை நீளும்போதே சுமை தாங்கப் பழக்குகிற பயிற்சி இது. 2013-ல் வெளியான ஸ்வீடன் கால்பந்து வீரர்கள் பற்றிய ஆய்வில், இவ்வகைப் பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 28 நாளில் அணிக்குத் திரும்பினார்கள்; வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கு 51 நாள். வேக ஓட்டம் கடைசியில்தான், அதுவும் இரண்டு காலின் பலமும் சமமான பிறகு. சமம் என்று அவர் சொன்ன அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாத் தொடைக் காயமும் இப்படி ஆறிவிடாது. உட்காரும் எலும்பை ஒட்டி வெடித்த மாதிரி இருந்து, நடக்கவே முடியாமல், தொட்டால் பள்ளம் தட்டுப்பட்டால் எம்.ஆர்.ஐ. கேட்டு வாங்குங்கள், எலும்பிலிருந்தே பிய்ந்திருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கபடியில் முன்தொடையில் முட்டி இடித்து ரத்தம் கட்டினால் அழுத்தித் தேய்க்கவே தேய்க்காதீர்கள். தசைக்குள் எலும்பு வளர்ந்துவிடும் ஆபத்து உண்டு.

மறுபடி வராமலிருக்க, ஓடும் முன் காலை வீசி ஆட்டி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுகிறேன். முக்கியமானது நார்டிக் பயிற்சி: மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய வேண்டும். டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளை வைத்து நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. இதைச் செய்த அணிகளில் 15 பின்தொடைக் காயங்கள், செய்யாதவற்றில் 52. ஆரம்பத்தில் வாரம் ஒரு நாள், ஐந்தாறு தடவை போதும். மறுநாள் தொடை கடுமையாக வலிக்கும், பயப்பட வேண்டாம். பிடிக்க ஆள் இல்லையென்றால் கனமான கட்டிலின் சட்டத்துக்கு அடியில் குதிகாலைக் கொடுத்துச் செய்யலாம். முழங்காலுக்குக் கீழே தலையணை அவசியம்.