பிட்ஸ்பர்க்கில் ஒரு நீலச் சறுக்குமரம்

பிட்ஸ்பர்க் போகிற நம்மாட்கள் முதலில் போவது பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குத்தான். நானும் போனேன், புளியோதரை சாப்பிட்டேன். மறுநாள் காலை அக்கா மகன், "மாமா, இன்னைக்கு என் கோயிலுக்கு வாங்க" என்று கிளப்பினான். கூட்டிப்போனது ஒரு சிறுவர் பூங்காவுக்கு.

ஃப்ரிக் பார்க்கின் ஓரம். பீச்வுட் சாலையும் நிக்கல்சன் தெருவும் சேருகிற மூலை. நம்மூர்ப் பூங்காவில் ஏணி வைத்து நிற்குமே, அந்த மாதிரிச் சறுக்குமரம் இல்லை. மேட்டுச் சரிவோடு சரிவாகச் சிமென்ட் போட்டு நீலச் சாயம் அடித்திருக்கிறார்கள். இதன் பெயரைத்தான் ராப் பாடகர் மேக் மில்லர் தன் முதல் ஆல்பத்துக்கு வைத்தார்: 'ப்ளூ ஸ்லைட் பார்க்'. 2011 நவம்பரில் வந்தது. முதல் வாரத்திலேயே சுமார் 1,44,000 பிரதிகள் விற்று, அமெரிக்காவில் அதிகம் விற்கும் ஆல்பங்களின் பட்டியலான பில்போர்டு 200இல் முதலிடம். வெளியிட்டதோ பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய ராஸ்ட்ரம் ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி. பெரிய நிறுவனங்களின் விநியோகம் இல்லாமல் ஒருவரின் முதல் ஆல்பம் அந்த இடத்துக்குப் போனது 1995க்குப் பிறகு அப்போதுதான். மேக்குக்கு அப்போது வயது 19.

ராப் பாடகர் பிறந்த ஊர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குள் ஒரு படம் இருந்தது: உடைந்த ஜன்னல், இருட்டுச் சந்து, போலீஸ் சைரன். பக்கத்திலிருக்கும் பாயின்ட் ப்ரீஸ் தெருக்களில் நடந்தபோது அதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மரநிழல், செங்கல் வீடுகள், வாசலில் சாய்த்துப் போட்ட சைக்கிள்கள். மால்கம் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்கிற மேக் மில்லர், 1992 ஜனவரியில் பிறந்து, வளர்ந்தது இந்தப் பகுதியில். அப்பா கட்டடக் கலைஞர், அம்மா புகைப்படக்காரர். சின்ன வயதிலேயே பியானோ, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் தானாகப் பழகிக்கொண்ட பிள்ளை.

2007இல் முதல் மிக்ஸ்டேப் (ராப் பாடகர்கள் தாங்களே வெளியிடுகிற பாட்டுத் தொகுப்பு) போட்டபோது அவர் வைத்துக்கொண்ட பெயர் 'ஈஸி மேக்'. அது அங்கே பிள்ளைகள் மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிடுகிற சீஸ் மக்ரோனியின் பிராண்டு. நம்மூரில் ஒருவன் 'மேகி' என்று பெயர் வைத்துக்கொண்டு கச்சேரிக்கு வந்தால் எப்படி இருக்கும்! நல்ல வேளை, சீக்கிரமே மாற்றிக்கொண்டார்.

படித்தது டெய்லர் ஆல்டர்டைஸ் உயர்நிலைப் பள்ளி. சில வருடம் முன்னால் அங்கே படித்த ராப் பாடகர் விஸ் கலீஃபாவும் அப்போது ராஸ்ட்ரத்தின் ஆள்தான். ஆக, வழி தெரிந்த அண்ணன் ஒருவர் முன்னால் போயிருந்தார். 2010 ஆகஸ்டில், பள்ளி முடித்த கையோடு, 'கிட்ஸ்' மிக்ஸ்டேப்பை இணையத்தில் இலவசமாகவே விட்டார் மேக். பாட்டுக்குக் காசு இல்லை. கேட்டவர்கள் டிக்கெட் வாங்கிக் கச்சேரிக்கு வந்தார்கள். அடுத்த வருடம் ஆல்பம் வந்ததும் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். சில பாட்டுகளைக் கேட்டால் எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. ஆனால் பக்கத்துப் பூங்காவையும் தெருமுனைக் கடையையும் கூச்சமில்லாமல் பாட்டுக்குள் கொண்டுவந்தது பிடித்திருக்கிறது.

2018 செப்டம்பரில் இறந்துபோனார். 26 வயது. அந்த வாரம் ரசிகர்கள் கூடி மெழுகுவத்தி ஏற்றியது இந்தப் பூங்காவில்தான் என்றான் அக்கா மகன். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

சரி, வந்ததற்கு ஒரு தடவை சறுக்கிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஜீன்ஸ் சிமென்ட்டைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது. பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையில். ஒரு சிறுமி பரிதாபப்பட்டு, தன் கையிலிருந்த அட்டைப்பெட்டித் துண்டை நீட்டினாள். மறுபடி ஏறி, அட்டையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை நிற்கவே இல்லை. கீழே போய் மல்லாக்க விழுந்துதான் நின்றேன். எழுந்து பார்த்தால் அக்கா மகன் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"டேய், அதை அழிடா."

"அம்மாவுக்கு அனுப்பிட்டேன் மாமா."