கூட்டுக்குள் மூளை கரைவதில்லை
கூட்டுப்புழுவுக்குள் எல்லாமே கூழாகிவிடும் என்று இன்னமும் எழுதுகிறார்கள். தசையும் குடலும் பெரும்பாலும் கரைவது உண்மைதான். நரம்பு மண்டலம் அப்படியல்ல. கிளை வெட்டி மறுபடி துளிர்க்கவிட்ட மரம் மாதிரி.

பழ ஈயின் மூளையில் காளான் வடிவப் பகுதி ஒன்று உண்டு. நினைவின் இடம் அது. அங்குள்ள காமா என்ற வகை நரம்புகளுக்குப் புழுப் பருவத்தில் மேல்நோக்கி ஒரு கிளை, நடுநோக்கி ஒரு கிளை. தோலுரிப்பையும் உருமாற்றத்தையும் தூண்டும் எக்டைசோன் ஹார்மோன் ஏறியதும், கூடு உருவாகி சுமார் 18 மணி நேரத்துக்குள் இரண்டும் துண்டாகிவிடும். துண்டுகளை, நரம்புகளுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்கள் விழுங்கும். செல் உடல் மட்டும் சாகாது. பிறகு நடுநோக்கிய கிளை மட்டும் புதிதாக வளரும். எக்டைசோனை உணரும் ஏற்பிப் புரதம் பழுதானால் வெட்டு நடக்காது, புழுவின் கிளைகள் வளர்ந்த ஈயிலும் கிடக்கும்.

எல்லா நரம்பும் பிழைப்பதில்லை. புகையிலைக் கொம்புப்புழு ஒரு அந்துப்பூச்சியின் புழு. அதன் வயிற்றுப் பகுதியில் உள்ள சதைப்பற்றான பொய்க்கால்களை இயக்கும் நரம்புகளில், சில வயிற்றுக் கண்டங்களில் இருப்பவை சாகும். பக்கத்துக் கண்டங்களில் இருப்பவை பிழைத்து வேறு வேலைக்குப் போகும். ஹார்மோன் என்னவோ ஒன்றுதான்!

இதே இனத்தில் 2008இல் வெளியான ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. எத்தில் அசிடேட் என்ற வேதிப்பொருளின் வாசத்தோடு மின்னதிர்ச்சி கொடுத்துப் புழுக்களைப் பழக்கினார்கள். தோலுரித்துத் தோலுரித்து வளரும் புழுவின் கடைசிக் கட்டமான ஐந்தாம் பருவத்தில் பழகியவை அந்துப்பூச்சியான பிறகும் அந்த வாசத்தைத் தவிர்த்தன. மூன்றாம் பருவத்தில் பழகியவற்றுக்கு அது நிலைக்கவில்லை.