வெளிநாட்டுக் கணக்கியல் தகுதியும் தாய்நாட்டில் அதன் பயனும்

வெளிநாட்டுக் கணக்கியல் தகுதிக்குப் பணம் கட்டும் முன், படித்து முடித்துத் தாய்நாட்டில் எந்த வேலையைச் செய்யப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளுமாறு இளைய நண்பர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். பிரிட்டனின் ஏசிசிஏ என்னும் கணக்காளர் சங்கத்தின் தேர்வுகளில் தேறியவரும் 36 மாதப் பணி அனுபவத்தையும் தொழில் நெறிமுறைப் பயிற்சியையும் முடித்த பின்னரே உறுப்பினராக முடியும். அமெரிக்காவின் சிபிஏ எனப்படும் பொதுக் கணக்காளர் உரிமத்தை அந்தந்த மாநில வாரியங்களே வழங்குகின்றன. ஆனால், சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடும் உரிமையைப் பெரும்பாலான நாடுகள் தம் சொந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவர்களுக்கே அளிப்பதால், உள்நாட்டு வரிச் சட்டத்தையும் நிறுவனச் சட்டத்தையும் தனியே படித்து, மேலும் சில தேர்வுகளை எழுத வேண்டியிருக்கலாம். (பலரும் கடைசியாக விசாரிப்பது இதைத்தான்.) பன்னாட்டு நிறுவனங்களின் குழுமக் கணக்குகள், ஐஎஃப்ஆர்எஸ் எனப்படும் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களின்படியான அறிக்கைகள், உள்தணிக்கை போன்ற பணிகளுக்கு அந்தக் கையொப்பம் தேவையில்லை, அங்கே இத்தகுதிக்கு உண்மையான மதிப்பு உண்டு என்றே நம்புகிறேன்.